ஒன்பதுக்கு முன்னால் பத்து

வீட்டில் கடைக்குட்டி என்பதால் அவளுக்குச் சுண்டு என்றே பெயர். அலுவலகத்தில் பிறருக்காகக் கணினி நிரல் எழுதுகிறவள், விடுமுறை நாட்களில் தனக்கென்று ஓர் இணையப் பக்கம் செய்துகொண்டிருந்தாள். இடப்பக்கம் நிரலை எழுதிப் பொத்தானை அழுத்தினால், அது ஓடி வலப்பக்கம் விடை வரும்.

அதை முதலில் நம்பியவள் அண்ணி. பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள், மறுபடி வேலைக்குப் போக நிரல் பழகிக்கொண்டிருந்தாள். "உன்னோடது இருக்கும்போது வேற எதுக்கு?" என்பாள்.

போன மாதம் முகமறியாத ஒருவர் எழுதியிருந்தார்: எண்களை வரிசைப்படுத்தினால் உங்கள் பக்கம் ஒன்பதுக்கு முன்னால் பத்தைப் போடுகிறது. சுண்டுவுக்கு உடனே புரிந்தது. எண்களைச் சொற்கள்போல முதல் இலக்கத்தைப் பார்த்து அடுக்குகிறது; 10 என்பது 1-இல் தொடங்குவதால் 9-க்கு முன்னால் போய்விடுகிறது. ஒரு வரியில் திருத்திவிடலாம். அப்புறம் பார்க்கலாம் என்று பொத்தானுக்கு நிறம் தேடப் போய்விட்டாள்.

நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த அண்ணி, தோள்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"சின்னக் கேள்விதான் சுண்டு. ஒன்பதையும் பத்தையும் வரிசைப்படுத்தினா எது முன்னாடி வரும்னாங்க. பத்துன்னேன். சிரிச்சாங்க. நானே ஓட்டிப் பாத்திருக்கேன்னு சண்டையே போட்டேன். தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"பத்து பெருசுன்னு நம்ம வாண்டுக்கே தெரியுமே!" என்றான் அண்ணன்.

"கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் போலன்னு மனப்பாடம் பண்ணிட்டேங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியது போலிருந்தது சுண்டுவுக்கு. அறைக்குள் போய், சத்தமில்லாமல் அந்த வரியைத் திருத்தினாள். வெளியே வந்தபோது அண்ணி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"சரியாத்தான் வருது பாரு. எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு."

அதற்குமேல் சுண்டுவால் முடியவில்லை.

"இல்ல அண்ணி. இப்பதான் திருத்தினேன். தப்பு என்னோடது. போன மாசமே எனக்குத் தெரியும்."

அண்ணி அவளையே பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

திட்டியிருந்தால் தேவலை. தேர்வு வைத்த நிறுவனத்துக்கு நடந்ததை விளக்கி சுண்டு எழுதினாள். வேறொருவரை எடுத்தாயிற்று என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் அண்ணி வேறொரு பக்கத்தில் பழகிக்கொண்டிருந்தாள். சுண்டுவைக் கண்டதும் மடிக்கணினியைப் பாதி மூடினாள்.

"கோச்சுக்காதம்மா. கோவமெல்லாம் இல்ல. வர்ற விடைய நம்பணும்ல, அதான்."

சுண்டு தலையாட்டினாள். அழுதுகொண்டிருந்த வாண்டைத் தூக்கித் தோளில் போட்டு, அண்ணி படிக்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.