தலைவர் என்ற இடத்தில் பெருமாள்

இந்தக் காலத்தில் உதவி செய்ய வருகிறவர்கள் காரை விட்டு இறங்கியதும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐயா, அம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். அப்புறம் ஆளையே காணோம். இப்படி நாலு பேரைப் பார்த்தவன் நான். ஓசூரிலிருந்து சுஜாதா என்கிற பெண் வந்தபோதும் ஒதுங்கித்தான் நின்றேன்.

எங்கள் காலனி போச்சம்பள்ளி கம்பெனிகளுக்குப் பக்கம். பெண்கள் விடியற்காலை ஐந்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். என் மகன் லாரியில் போனால் வாரம் ஆகும். நான் மாந்தோப்புக் காவல் முடிந்து வர எட்டு மணி. அதுவரை மூன்று வயதுப் பேத்தி யுவஸ்ரீயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மருமகள் முனிலட்சுமி வேலைக்குப் போகிறாள். போன மாதம் பிள்ளை அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டது.

சொந்தமாகச் சங்கம் பதிவு செய்தால், விடியற்காலையில் திறக்கிற குழந்தைகள் காப்பகத்துக்குக் கம்பெனி உதவும் என்றாள் சுஜாதா. ஏழு பேர் கையெழுத்தும் ஒரு விலாசமும் வேண்டுமாம். அடுத்த முறை அவள் வந்தபோது, எல்லாம் எழுதி முடிந்தது என்றார்கள் பெண்கள். காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். தலைவர் என்ற இடத்தில் பெருமாள். மூன்று தலைமுறையாக நாங்கள் கூலிக்குப் போன நிலத்துக்காரர். கீழே ஆறு பெண்கள்.

"இது யாரு வேல?"

"நாங்கதான் மாமா போயி கேட்டோம்" என்றாள் முனிலட்சுமி. "பெரிய ஆளு பேரு இருந்தா ஆபீசுல காயிதம் நகரும்னு."

"அவுரு ஊட்டு வாசப்படிய தாண்டி என்னைக்காவது உள்ள போயிருக்கியா?"

"இல்ல மாமா."

"நாளைக்கு உன் புள்ளைய சேக்கணும்னாலும் அவுர போயி கேட்டு நிக்கணும். அதுக்கு எதுக்கும்மா தனியா சங்கம்?"

பக்கத்து வீட்டுச் சாந்தம்மா சும்மா இருக்கவில்லை. "விலாசத்துக்கு அவுரு கொடோனத்தான் குடுத்திருக்கோம். காலனியில வூட்டு வரி ரசீது உன் ஒருத்தன்கிட்டதான் கீது. உன்ன பொதைக்கும்போது அதையும் கூட வெக்கச் சொல்லுவ நீ. அவுர எடுத்துட்டா ஏழாவது கையெழுத்து யாரு, நீ போடுவியா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"தப்பு என்னுதுதாங்க ஐயா" என்றாள் சுஜாதா. "அவங்க சொன்ன பேர எழுதிட்டேன்."

"அத கிழி மொதல்ல."

கிழித்தாள். புதுக் காகிதத்தில் தலைவர் யார் என்று கேட்டாள். ஆறு பேரும் மண்ணைப் பார்த்தார்கள்.

"சூப்பர்வைசர திட்டும்போது பஸ்சே அதிருதாம். இங்க வாய் வரல" என்றேன்.

"என் பேர எழுதுங்க" என்றாள் முனிலட்சுமி.

வீட்டுக்குள் போய்ப் பெட்டியிலிருந்து ரசீதை எடுத்துவந்தேன். கக்கூஸ் கட்டித் தருகிறேன் என்று வாங்கிப்போன ஒருத்தனிடமிருந்து அதை மீட்க இரண்டு வருஷம் நடந்தவன் நான். சுஜாதா அதைப் போனில் படம் பிடிக்கும்வரை ஒரு முனையை விடாமல் பிடித்துக்கொண்டேன். பிறகு ஏழாவது இடத்தில் திம்மராயன் என்று எழுதினேன்.

"ரெண்டு மாசத்துல தொறந்துடலாங்க ஐயா."

"தொறந்தப்பறம் சொல்லு."

கிருஷ்ணகிரி பதிவு ஆபீசில் அந்தக் காகிதம் எந்த மேசைக்கடியில் கிடக்கப்போகிறதோ. எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரசீதை மடித்து மடியில் செருகிக்கொண்டு நடந்தேன்.