நாலாவது அடுக்கு

மூன்றாவது முறையாகக் கணினியில் ஓடிய கணக்கு அறுபத்தொரு சதவீதத்தில் நின்றது. திரையில் சிவப்பு வரி. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மணி பார்த்தாள். ஒன்றரை. நாலு மணிக்கு மேலாளர், அவளுடைய அக்கா புருஷனைப் பட்டறையை விட்டு மாற்றும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மாமாவின் வேலை, பசை ஊறிய கார்பன் இழைத் துணியைப் பதினாறு அடுக்காகப் படியவைப்பது. சூட்டில் இறுகினால் அது செயற்கைக் காலின் வளைந்த பாதம். முந்தாநாள் சோதனையில் அந்தப் பாதம் நூற்றுத் தொண்ணூறு கிலோவிலேயே அடுக்குப் பிரிந்து வாயைப் பிளந்தது. அவள் கணினியில் வரைந்து சோதித்த பாதமோ முந்நூறு வரை தாங்கியிருந்தது. கணக்கு சரியென்றால் கைதான் தப்பு என்றார் மேலாளர். அடுக்குகளுக்குள் காற்று சிக்கியிருக்கலாம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அன்றிலிருந்து அக்கா ஃபோனை எடுப்பதில்லை.

இன்று காலை பட்டறைக்குப் போனபோது, மாமா பிளந்த பாதத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஏம்மா கணக்கு, இது நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல பிரிஞ்சிருக்கு. உன் கம்ப்யூட்டர்ல எங்க பிரிஞ்சுது?"

"எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல, மாமா."

"எப்பவுமேவா?"

"எப்பவும்."

சொன்ன பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

கணினியில் விரிசல் தன் இஷ்டத்துக்கு ஓடாது. இரண்டு அடுக்குக்கு நடுவே பசை என்று ஒன்றை வைத்து, எவ்வளவு இழுத்தால் தளரும், எவ்வளவு இழுத்தால் விட்டுப்போகும் என்று சொல்லித்தர வேண்டும். வைக்காத இடத்தில் யானையைக் கட்டி இழுத்தாலும் பிரியாது. பதினைந்து இடுக்கிலும் வைத்தால் கணக்கு முடிய நாள் கணக்காகும் என்று, வளைவின் இழுப்பு அதிகமுள்ள நடு இடுக்கில் மட்டும் வைத்திருந்தாள். ஆனால் விரல் பக்கம் மெலிய வேண்டுமென்று நாலாவது அடுக்கு பாதியிலேயே முடிகிறது. முடிகிற விளிம்பில் இழுப்பு குவியும். படித்ததுதான். சோம்பலில் விட்டதுதான்.

நாலாவதற்கு அடியில் மட்டும் பசை வைத்தால் அரைமணியில் முடிந்துவிடும். ஆனால் அது விடையைக் காதில் ஓதிவிட்டுக் கேள்வி கேட்பது மாதிரி. வளைவை மட்டும் வெட்டியெடுத்து எல்லா இடுக்கிலும் வைத்தாள். அதுதான் நின்று நின்று உயிரை வாங்கியது. பசை விடுகிற கணத்தில் எல்லாம் பட்டென்று நடந்துவிடும்; அந்த நேரத்தில் கணினி பெரிய அடியாக எடுத்து வைத்தால் தடுமாறி நிற்கும். அடியைச் சிறிதாக்கினாள். நின்றது. பாதத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் வலையை விளிம்பில் பொடியாக்கினாள். அதற்கும் நின்றது. எவன்டா இதை எழுதினது என்று திரையைத் திட்டினாள். கடைசியில் பசை மெதுவாகத் திறக்கும்படி துளி பிசுபிசுப்பு சேர்த்தாள். கூடினால் பாதம் இல்லாத பலத்தைக் காட்டும், அதனால் துளிதான்.

மூன்றே முக்காலுக்கு விரிசல் கிளம்பியது. நாலாவது அடுக்கின் விளிம்பில், நூற்றுத் தொண்ணூற்றேழு கிலோவில்.

மேலாளர் விரிசலின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் முதல் அறிக்கை என்ன என்று கேட்டார். தன் தப்பு என்றாள். அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினாள். மாற்றல் கடிதத்தை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார், கிழிக்கவில்லை.

பட்டறையில் மாமா அந்தப் படத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"ரெண்டு நாளா காத்துக் குமிழி தேடினேன். கெடைக்கல. நேத்து, நம்ம கைதான் போல இருக்குன்னு நானே உங்கக்காகிட்ட ஒத்துக்கிட்டேன்."

நீட்டியிருந்த படத்தை அவள் மடித்தாள்.

"நான் இப்ப போய் மாத்திச் சொன்னா, அவ நம்ப மாட்டா. நீயே சொல்லு."

வாசலில் நின்று அக்காவுக்கு ஃபோன் போட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள்.