சீட்டுச் சூடு

லாரிக்காரர்களுக்கு எந்தக் கொப்புளம் வந்தாலும் ஒரே பெயர்தான், சீட்டுச் சூடு. நாளெல்லாம் இன்ஜின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் மறைவிடத்தில் நாலு கொப்புளம் வராமல் என்ன செய்யும் என்பார்கள். லாரி ஓட்டும் இவனும் நம்பினான். நம்பினான் என்ன, நம்புவது வசதியாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது காய்ச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டிய வீக்கம், ஒன்றுக்குப் போனால் உயிர் போனது. மூன்று வாரத்தில் ஆறிவிட்டது. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை நமநமவென்று அரித்து, எரிந்து, சில நாளில் காணாமல் போய்விடும். காணாமல் போனதை எவன் டாக்டரிடம் போய்ச் சொல்வான்?

இப்போது அது அவன் மனைவிக்கு வந்திருந்தது. ஒன்பதாம் மாதம். அவள் ஜென்மத்தில் லாரியில் ஏறியதில்லை.

மூன்று நாளாகக் காய்ச்சல், கீழே கொப்புளம், எரிச்சல் என்று அவள் கூச்சத்தோடு சொன்னபோது அவனுக்குத் தன் கொப்புளம்தான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? வெறும் சூடு, தண்ணீர் நிறையக் குடி என்றான். குடித்தாள், பாவம். இன்று காலை ஆறு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி எடுக்கட்டும், அப்புறம் போகலாம் என்று இவன்தான் இழுத்தடித்தான். போனால் பார்த்துவிடுவார்களே என்ற பயம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் புண், கொப்புளம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். சூடுதான் என்றாள் மனைவி, அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

"சூடில்லீங்க," என்றான் அவன். "எனக்கும் இருக்கு. ரொம்ப வருஷமா."

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு ஹெர்பிஸ் என்றார். உறவின்போது தோலோடு தோல் பட்டுத் தொற்றுகிற வைரஸ். புண் ஆறினாலும் நரம்பில் பதுங்கியிருக்கும், கொப்புளம் இல்லாத நாளிலும் தொற்றும். அடியோடு போக்க மருந்தில்லை, அடக்கிவைக்க மாத்திரை உண்டு. ஆணுறை போட்டிருந்தால் ஆபத்து குறைந்திருக்கும். பழைய தொற்றாக இருந்தால் தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தையை ஓரளவு காத்திருக்கும். கடைசி மாதத்தில் புதிதாகத் தொற்றி, புண்ணோடு சுகப்பிரசவம் என்றால் குழந்தையின் மூளைக்கும் உயிருக்கும் ஆபத்து. உடனே ஆபரேஷன் என்றார். பனிக்குடம் உடைந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் மணி இரண்டு. உடைந்தபின் நேரம் போகப்போகத் தொற்று குழந்தையை எட்டும் என்றார்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதில்லீங்க?" என்றான் அவன்.

"பொறந்ததும் டெஸ்ட் எடுத்து மருந்து ஏத்துவோம்," என்றார். ஆகாது என்று அவர் சொல்லவில்லை.

தள்ளுவண்டியில் படுத்திருந்த மனைவி அவனையே பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் மறைச்சு வச்சிருந்தீங்களா?"

அவன் ஆமென்று தலையாட்டினான். குற்றவாளிக்கு வேறு என்ன போக்கிடம்?

"குழந்தை பொழச்சா," என்றாள், "நீங்க தூக்க வேணாம்."

நர்ஸ் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.