எழுபது வயது மண்டை

சின்ன மீரான் மூன்றாவது தடவையாக மூடியில்லாமல் குக்கரை விற்றுவிட்டார். அருப்புக்கோட்டையில் முப்பது வருசமாகப் பாத்திரக்கடை நடத்துகிற மனுசன் மூடியை ரேக்கிலேயே வைத்துவிட்டு, "அடுத்து யாருக்கு?" என்று கேட்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தவர்களை அவர் பெண்டாட்டி ரசூல் பீவி ஒரு பாட்டம் வைது தீர்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். போன வாரம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வராமல் நரிக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவரும் இவர்தானே.

துபாயிலிருந்து மகன் அஃப்ரீத் போன் போட்டான். "மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. மூளையப் படம் எடுத்தா, கம்ப்யூட்டரே அளந்து பாத்து மறதி நோய் ஆரம்பிச்சிருக்கான்னு சொல்லிரும்."

"உங்க அத்தாவுக்கு மூளை இருக்குன்னு சொன்னாலே எனக்குப் போதும்டா" என்றாள் பீவி. பேச்சுத்தான் அப்படி. அன்றைக்கே நேர்ச்சை போட்டு, பள்ளிவாசல் உண்டியலில் காசும் போட்டுவிட்டாள்.

மதுரையில் ஸ்கேன் குழாய்க்குள்ளிருந்து வெளியே வந்த சின்ன மீரான், "உள்ள நாலு பவர்லூம் ஓட்டுறாய்ங்க பீவி. நம்ம ஊரு தறிக்கு இது எவ்வளவோ மோசம்" என்றார்.

கவுன்டரில் இருந்த தங்கச்செல்வி திரையைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல சேதிதான்மா. அய்யா மூளைய, அவுக வயசுக்காரங்க ஆயிரம் பேரு மூளையோட கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பாத்திருக்கு. கொஞ்சம் சுருங்கியிருக்கு. ஆனா எழுபது வயசுக்கு இது சாதாரணந்தான். சாயங்காலம் டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போடுவாரு."

யா அல்லா! பீவிக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் தள்ளுவண்டியைக் கண்டதும் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் வாங்கினாள். சின்ன மீரான் மீசையைத் தடவிக்கொண்டார். "எழுபது வயசுல இப்படி ஒரு மண்டை எவனுக்கு இருக்கும், சொல்லு?"

"போதும் உங்க எழுபது" என்று பீவி சிரித்தாள். "அந்த மீசைக் கதையச் சொல்லுங்க."

"என்ன மீசை?"

ஊரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இவர் சொல்லாமல் விட்டதில்லை அந்தக் கதையை. சவூதிக்குப் போக ஆசைப்பட்டபோது இவருக்குப் பதினாறு வயது. மீசை முளைக்காத மூஞ்சியில் ஏஜென்ட் மையால் மீசை வரைந்து போட்டோ எடுத்து, ஒன்பது வயதைக் கூட்டி இருபத்தைந்து என்று பாஸ்போர்ட் வாங்கிக் கொடுத்தான். ஏர்போர்ட்டில் வேர்த்து, மை உதட்டில் வழிந்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் பிறகு ஆதாரும் எடுத்தார்கள்; ஸ்கேனுக்கும் அந்த ஆதார் வயதையே கொடுத்திருந்தார்கள்.

"மை மீசைங்க! வேர்வையில வழிஞ்சுச்சே. எங்கண்ணன் மன்சூர் அலியும் நீங்களும் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. அவுகளுக்கு அறுபத்தொண்ணு. உங்களுக்கு எப்படிங்க எழுபது வரும்?"

சின்ன மீரானுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. ஆதார்லயே போட்டிருக்கு. எனக்கு எழுபது."

அவர் விளையாடவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. பீவி டம்ளரை வண்டியில் வைத்தாள். பேசாமல் ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம். தாளில் சாதாரணம் என்றுதான் இருக்கும், மகனும் நிம்மதியாகத் தூங்குவான். நாலு எட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடக்கவும் செய்தாள். பிறகு தன்னையே வைதுகொண்டு, அவர் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே இழுத்துப் போனாள்.

"ஏ தாயி, வயசத் தப்பாக் குடுத்துட்டோம். அறுபத்தொண்ணுன்னு போட்டு இன்னொருக்க அளக்கச் சொல்லு."

தங்கச்செல்வி ஏறிட்டுப் பார்த்தாள். "அம்மா, வயசக் குறைச்சா ரிப்போர்ட்டு மாறிருமே. இப்ப சாதாரணம்னு இருக்கிறது நோயின்னு வந்துட்டா..."

"தெரியும். மாத்து."

தங்கச்செல்வி எழுபதை அழித்தாள். சின்ன மீரான் பீவியின் காதோரம் குனிந்தார். "ஏ புள்ள, திரும்ப எதுக்கு வந்தோம்?"

"உங்க வயசக் குறைக்க."

"எம்புட்டு?"

"ஒம்பது வருசம்."

"அடி சக்கை!" என்றார் அவர். கவுன்டர் கண்ணாடியில் முகம் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார்.