அவிழ்க்காத ஊஞ்சல்

கொக்குவில் புகையிரத நிலையத்துக்குப் போகும் ஒழுங்கையில் கிருபைரட்ணத்தின் கடை இருக்கிறது. மின்விசிறி, தண்ணீர் மோட்டர், கிரைண்டர் என்று எதைக் கொண்டுபோனாலும் திருத்திக் கொடுப்பார். திருத்திய மின்விசிறியை வீட்டு முகட்டில் கொழுவ வேண்டி வந்தால் மட்டும் கடையில் வேலை செய்யும் டிலக்ஷனை ஏற்றிவிட்டு, தான் ஏணியின் அடியில் நின்று "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்பார். ஏணியின் இரண்டாம் படிக்கு மேல் அவர் ஏறியதை ஒருவரும் கண்டதில்லை. அதை அவரிடம் ஒருவரும் கேட்டதுமில்லை.

அவருடைய ஒரே மகள் அபிகாயில் போன வருடம் றயனுடன் பதிவுத் திருமணம் முடித்துக்கொண்டு சுவிஸுக்குப் போனாள். தேவாலயத் திருமணம் ஆனியில் அங்கே நடப்பதாக ஏற்பாடு. றயன் வளர்ந்தது ஒரு மலையின் மேல் இருக்கும் சின்ன ஊரில். அந்த ஊருக்கு வாகனப் பாதை கிடையாது. கீழேயிருந்து மேலே போகக் கேபிள் கார் மட்டும்தான். றயனுக்கு வேலையும் அதை ஓட்டும் கம்பெனியில்தான். ஊரின் சிற்றாலயத்துக்குப் பின்னால் அவன் தாயை அடக்கம் செய்திருந்தார்கள். அங்கேதான் தன் திருமணம் நடக்க வேண்டும் என்று அவன் கேட்டிருந்தான். அதை மாற்றச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

"அப்பா, சேர்ச்சுக்குள்ளை நீங்கள்தான் என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வரவேணும்," என்று அபிகாயில் தொலைபேசியில் சொன்னாள்.

"ஓம் பிள்ளை. அது என்ரை வேலைதானே."

"கேபிள் கார் நல்ல வடிவு அப்பா. சுத்தவரக் கண்ணாடி. கால் வைக்கிற இடத்திலையும் கொஞ்சம் கண்ணாடி."

கிருபைரட்ணம் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"நடந்து போகேலாதோ?"

"ஏலும். நாலு மணித்தியால ஏத்தம். அம்மாவின்ரை முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

"வடம் எத்தினை?"

அவளுக்குப் பின்னால் நின்ற றயன் தொலைபேசித் திரைக்குள் எட்டிப் பார்த்தான். "ஒண்டு, மாமா."

"ஒண்டுதானோ?"

"நல்ல தடிச்ச வடம், மாமா. மணிக்கட்டு அளவு. அதுக்குள்ளை ஆறு புரி, ஒவ்வொரு புரிக்குள்ளையும் கனக்கக் கம்பி."

"சரி. கரண்ட் போனால்?"

அபிகாயில் சிரித்தாள். "அப்பா, இஞ்சை கரண்ட் போறேல்லை."

எங்கள் ஊரில் வாழ்ந்த எவருக்கும் முதலில் வரும் கேள்வி அதுதான். மின்விசிறி திருத்துகிறவருக்கு வராமல் இருக்குமா? றயன் சிரிக்கவில்லை.

"போகும், மாமா. போனால் டீசல் எஞ்சின் இருக்கு. மெல்ல மெல்ல எல்லாப் பெட்டியையும் கொண்டந்து சேர்த்துப்போடும். நான் உங்களுக்கு எஞ்சினைப் படம் எடுத்து அனுப்புறன். உங்களுக்கு மெசின் எண்டால் விருப்பம்தானே."

"ஓம், ஓம். மெசினைப் பற்றி அறியத்தான் கேட்டனான்," என்றார் கிருபைரட்ணம்.

அடுத்த நாளிலிருந்து படங்கள் வரத் தொடங்கின. முதலில் எஞ்சின். பிறகு, பக்கத்து மலைகளில் ஓடும் ஒவ்வொரு விதமும். கால் இரண்டும் வெளியே தொங்க நான்கு பேர் இருந்து போகும் கதிரைகள். எட்டுப் பேர் எதிரெதிரே இருக்கும் சின்னப் பெட்டி. பஸ்ஸைப் போலச் சனம் நெருக்கி நின்று போகும் பெரிய பெட்டி. வடத்தில் கட்டி இழுக்கப் படிக்கட்டு மாதிரி சரிவில் ஊரும் ரயில். வெறும் தடி ஒன்றை இடுப்பில் கொடுத்துப் பனியில் ஆளை இழுத்துப் போகும் ஒன்றும் இருந்தது.

"மாட்டைக் கட்டி இழுக்கிற மாதிரியெல்லோ இழுக்குது," என்று அவருடைய மனைவி தேவமலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

ஒரு வீடியோப் படத்தில் கைத்தடியோடு ஒரு கிழவி கதிரையில் ஏற வந்தாள். றயன் ஏதோ ஒரு பொத்தானை அழுத்த, அந்த மலையில் தொங்கிக்கொண்டிருந்த அத்தனை கதிரைகளும் வேகம் குறைந்தன. கதிரை அவள் காலில் இடிக்காமல் றயன் கையால் பிடித்துக் கொடுத்தான். அவள் இருந்த பிறகு எல்லாம் பழையபடி ஓடின.

"எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினமோ? ஒருத்தரும் கத்தேல்லையோ?" என்று கிருபைரட்ணம் கேட்டார்.

"ஏன் கத்துவினம், மாமா? எல்லாரும் ஒரு நாள் முதல்தரம் ஏறின ஆக்கள்தானே. பயமோ எண்டு நாங்கள் ஒருத்தரையும் கேக்கிறேல்லை. மெதுவாக்கி விடுவம், அவ்வளவுதான்."

கிருபைரட்ணம் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பார்க்கிற வேளையெல்லாம் நிலத்தில் இருந்த அவர் பாதங்கள் கூசின.

விசா வந்த அன்று அவர் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பிள்ளை, கடையை எத்தினை நாளைக்கெண்டு பூட்டுறது? அம்மா வரட்டும். லெனாட் மாமா ஜேர்மனியிலையிருந்து வருவான்தானே. அவன் உன்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்."

"சரி அப்பா," என்று அபிகாயில் சொன்னாள். ஏன் என்று அவள் கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லப் பத்துக் காரணம் இருந்தது. அவள் கேட்கவில்லை. தேவமலரும் கேட்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபத்தில் மகளின் பெயரை அவர் இரண்டு தரம் சொன்னார்.

விறாந்தையில் நின்று ஸ்பீக்கரில் கதைத்தால் பக்கத்து வளவுக்குக் கேட்கும். பக்கத்து வளவு இராசநாயகத்தினுடையது. அவருக்கு இணுவில் பக்கம் வெங்காயத் தோட்டம். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒருவர் ஞாயிறு காலை தேவாலய மணி கேட்டுப் போவார், மற்றவர் வெள்ளிக்கிழமைகளில் சந்நிதி முருகனிடம் போவார். மதிலுக்கு மேலால் பலகாரம் போய்வருவது நத்தாருக்கும் பொங்கலுக்கும் நிற்காது.

அடுத்த நாள் பின்னேரம் இராசநாயகம் மதிலடிக்கு வந்தார்.

"கிருபை, ஒருக்கால் இஞ்சாலை வா. சித்திரை வருசப்பிறப்புக்கு வவுனியாவிலையிருந்து பேரப்பிள்ளையள் வருதுகள். வேம்பிலை ஊஞ்சல் கட்டியிருக்கிறன். பாரம் தாங்குதோ எண்டு பாக்க வேணும்."

"நீ இருந்து பாரன்."

"தனிய இருந்தால் பலகை ஒரு பக்கம் சரியுது. மற்றப் பக்கத்துக்கு ஒரு ஆள் வேணும்."

"செல்வநாயகியை இருத்து."

"அவளை இருத்தினால் நான் மேலை போயிடுவன்," என்றார் இராசநாயகம்.

"எனக்குக் கேக்குது," என்றாள் அவர் மனைவி செல்வநாயகி குசினிக்குள்ளிருந்து.

கிருபைரட்ணம் போனார். நீளப் பலகை, இரு பக்கமும் தடித்த கயிறு. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம். அவ்வளவு உயரத்துக்கு அவரால் இருக்க முடிந்தது. இராசநாயகம் மற்ற நுனியில் இருந்து காலால் மெல்ல உந்திக்கொண்டே, வெங்காய விதைக்கு வந்த பூச்சியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கதை முடிய நேரம் எடுத்தது. இராசநாயகத்தின் கதை எப்போதும் அப்படித்தான். உரத்தில் தொடங்கி, மருந்துக் கடைக்காரனில் திரும்பி, எங்கோ ஒரு சம்பந்தம் பேசிய வீட்டில் போய் நிற்கும்.

பிள்ளைகள் வந்தார்கள், ஆடினார்கள், வருடப்பிறப்பு முடிந்து வவுனியாவுக்குத் திரும்பினார்கள். ஊஞ்சல் நின்றது.

"இன்னும் அவிழ்க்கேல்லையோ?"

"அவிழ்க்க வேணும். ஆர் ஏறுறது? இரு, ஒரு விசயம் சொல்ல மறந்துபோனன்."

அப்படிப் பின்னேரத்துக்குப் பின்னேரம் ஒரு விசயம் இருந்தது. செல்வநாயகி இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து பலகையின் நடுவில் வைப்பாள். "ஆடி ஊத்திப்போடாதையுங்கோ, கிருபையண்ணை. உவருக்குத்தான் சொல்லிப் பயனில்லை," என்பாள். ஒழுங்கையால் போகும் சுபாஸ்கரன் சைக்கிளை நிறுத்தி, "என்ன, கல்யாணப் பொம்பிளையள் ரண்டு பேருக்கும் எப்ப பொன்னூஞ்சல்?" என்று கேட்டுவிட்டுப் போனான். "உன்ரை கல்யாணம் முடியட்டும்," என்று இராசநாயகம் திருப்பிக் கொடுத்தார். கிருபைரட்ணம் சிரித்தார். சிரிக்கும்போது ஊஞ்சல் உயரப் போய் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

வைகாசி நடுவில் ஒரு நாள், பலகையில் இருக்கப் போன அவருக்கு அது எட்டவில்லை. பக்கத்தில் ஒரு வாங்கு போட்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். முன்பு முழங்காலுக்குக் கீழே நின்ற பலகை இப்போது இடுப்புக்கு வந்திருந்தது. நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார். கொப்பில் பழைய முடிச்சு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றிய தடங்கள் இருந்தன. கயிற்றை யாரோ நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கியிருக்கிறார்கள்.

"இராசு, பலகை உயர்ந்திருக்கு."

இராசநாயகம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், "வெயிலுக்குக் கயிறு சுருங்கும்," என்றார்.

கிருபைரட்ணம் அப்படியே நின்றார். பிள்ளைகள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் ஊஞ்சல் ஏன் நிற்கிறது, வெங்காயத்தில் இத்தனை பூச்சி எங்கிருந்து வந்தது, மருமகன் ஏன் இத்தனை படம் அனுப்பினான் என்பதெல்லாம் அவருக்கு அப்போதுதான் சேர்ந்து விளங்கின. அவர் ஒளித்து வைத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் அதைத் தூக்கிக் காட்டாமல், அதற்குக் கீழே கை கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரு மனிதனின் பயத்தைப் போக்குகிறவர் நல்லவர்தான். போக்கும்வரைக்கும் அதை அவனுக்காக மூடி வைத்திருக்கிறவர்களை ஆண்டவர் கூடுதலாக ஆசீர்வதிப்பார் என்று நான் நம்புகிறேன்.

உதவியை வாங்கிக்கொள்வதற்கும் ஒரு பணிவு வேண்டும். கிருபைரட்ணம் கயிற்றைப் பற்றி மேலும் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கில் ஏறி, பலகையில் இருந்தார். இரண்டு காலும் காற்றில் தொங்கின.

"பிறகு? மருந்துக் கடைக்காரன் என்ன சொன்னவன்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தேவமலரைக் கூப்பிட்டார். "லெனாட்டுக்குச் சொல்லு, அவன் சும்மா வந்து சாப்பிட்டால் போதும். பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன்."

தேவமலர், "ஓம், சொல்லுறன்," என்று மட்டும் சொன்னாள். பிறகு குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருமண நாளன்று இராசநாயகம் தோட்டத்துக்குப் போகவில்லை. காலையில் சந்நிதிக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து, மத்தியானம் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சற்பலகையில் இருந்தார். அது அடித்தபோது முகம் தெரியவில்லை. ஒரு கோட்டின் பொத்தானும், அதற்குப் பின்னால் பச்சை மலையும் தெரிந்தன.

"இராசு."

"ஓம்."

"ஏறியிட்டன். இவன் றயன்ரை கூட்டாளிமார் மெல்ல விடுகினம். தேவி பக்கத்திலை இருக்கிறாள்."

"பிறகென்ன?"

"கதை."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எதையெண்டாலும் கதை. வெங்காயத்தைக் கதை."

இராசநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த முறை விலை பரவாயில்லை, ஆனால் வியாபாரி ஈரம் என்று சொல்லிக் கழிக்கிறான் என்று தொடங்கினார். நடுவில் ஒருமுறை பெட்டி தூணைத் தாண்ட, அந்தப் பக்கம் சின்னதாக ஒரு குலுக்கு. "அம்மாடி" என்று தேவமலரின் குரல் கேட்டது. கிருபைரட்ணத்தின் மூச்சு நின்றது இங்கேயும் கேட்டது.

இராசநாயகம் நிறுத்தவில்லை. "நான் அவனிட்டைக் கேட்டனான், ஈரம் எண்டால் நீ என்ன, வெங்காயத்தைத் தோய்ச்சுக் காயப்போடப் போறியோ எண்டு."

கிருபைரட்ணத்தின் சிரிப்பு கேட்டது. மூச்சு திரும்பி வந்தது.

"என்ன தெரியுது அங்கை?" என்று செல்வநாயகி எட்டிக் கேட்டாள்.

"கீழை ஒரு குளம் தெரியுது, தங்கச்சி," என்றார் கிருபைரட்ணம். "நல்ல நீலம். நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

கதவு திறக்கும் சத்தம், பிறகு "அப்பா" என்று அபிகாயிலின் குரல். தொலைபேசி யாருடைய சட்டைப்பைக்குள்ளோ போய்விட்டது. இருட்டும் சரசரப்பும் மட்டும். தூரத்தில் மணி ஒன்று அடித்தது. பிறகு அழைப்பு நின்றுவிட்டது.

செல்வநாயகி முகத்தைத் துடைத்தாள். "சரி, போய்ச் சேர்ந்திட்டார். இனியாவது உந்த ஊஞ்சலை அவிழுங்கோ. முற்றம் கூட்ட ஏலாமல் கிடக்கு."

"பொறு," என்றார் இராசநாயகம். தொலைபேசியை சார்ஜில் போடச் சொல்லி அவளிடம் நீட்டினார். "அவன் இனி இறங்கவும் வேணுமெல்லோ."

பிறகு அவர் பலகையை விட்டு எழும்பாமல், பக்கத்து வாங்கைக் காலால் மெல்ல உந்தி ஆடிக்கொண்டு, இறக்கத்துக்கு என்ன கதை சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.