மணிச்சத்தம் நின்ற பாதை

தினமும் காலையில் சிங்கத் தடம் பார்த்து, "இந்தப் பக்கம் மாட்ட ஓட்டாதீங்க" என்று எங்கள் மாசாய் இனத்து மேய்ப்பர்களுக்குச் சொல்வதுதான் என் வேலை. ஏழு வருடம் ஒழுங்காகச் செய்தேன். ஒழுங்காம் ஒழுங்கு!

நைசுலா என்று அந்தப் பெண்சிங்கத்துக்குப் பெயர் வைத்ததே நான்தான். மழை முடிந்ததும் பக்கத்துச் சரணாலயத்திலிருந்து இரண்டு ஆண்சிங்கங்கள் வந்து, அவள் குட்டிகளின் அப்பனை அடித்துத் துரத்திவிட்டன. புதிதாக வருகிறவை பழையவனின் குட்டிகளை உயிரோடு விடாது. அவள் மூன்றையும் எங்கே ஒளித்தாள் தெரியுமா? என் கூட்டாளி மெரேசோவின் மாடுகள் தண்ணீருக்குப் போகும் ஓடைப் பாதையோரப் புதரில்! மனித வாடை பட்டாலே ஓடுகிறவள். பத்து நாள் அங்கேயே கிடந்தாள், ஒரு கன்றைக்கூடத் தொடவில்லை.

ஆனால் ஒரு கன்று செத்தால் போதும், ஊரே ஈட்டியைத் தூக்கிவிடும். அப்புறம் குட்டிகளும் மிஞ்சாது.

மெரேசோவும் நானும் ஒரே வருடம் வாலிபச் சடங்கு முடித்து ஈட்டி பிடித்தவர்கள். அவனுக்கு வாய் நீளம்.

"ஓடைப் பாதைய விட்டுடு. மேற்கால சுத்திப் போ" என்றேன்.

"ஏண்டா லெக்கிஷோன், அவ பாட்டுக்குக் கிடக்கறா. என் மாட்டு மணி கேட்டா தலையைக்கூடத் தூக்கறதில்ல."

"சொன்னா கேளுடா."

"சரிப்பா, சிங்கத்தோட சம்பந்தி சொல்லியாச்சு. மறுபேச்சு உண்டா?"

அவன் பாதை மாற்றிய மூன்றாம் நாள் காலை ஓடைக்குப் போனேன். பழைய மாட்டுக் குளம்படிகளின் மேலேயே இரண்டு பெரிய ஆண்சிங்கங்களின் தடங்கள். புதருக்குள் இரண்டு குட்டிகள் கழுத்து முறிந்து கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரணாலயத்தில் வளர்ந்தவற்றுக்கு மாட்டு மணி பழக்கமில்லை; அது கேட்டாலே ஈட்டிக்காரன் வருகிறான் என்று ஒதுங்கிவிடும். அந்தச் சத்தத்துக்குப் பின்னால்தான் அவள் குட்டிகளை ஒளித்து வைத்திருந்தாள். அதை நிறுத்தியவன் நான். பாவி, நானேதான்.

அவள் தடம் மேற்கே போனது, இடையிடையே ரத்தச் சொட்டு. பின்தொடர்ந்தேன். மெரேசோவின் புதுப் பாதையோரம் உட்கார்ந்திருந்தாள். முன்கால்களுக்கு நடுவே மூன்றாவது குட்டி. நக்கிக்கொண்டே இருந்தாள், அது அசையவில்லை. மணி போன இடத்தைத் தேடி அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தும் ஓடவில்லை.

மெரேசோ மாடுகளோடு வந்தான். பார்த்தான். மாடுகளை அங்கேயே நிறுத்தினான். அன்று அவன் கேலி பேசவில்லை.

"சொல்லுடா லெக்கிஷோன், இப்ப எந்தப் பக்கம் ஓட்டட்டும்?"