எதிர்மூலைக்குக் குடிபோன சர்வேயர்

முதல் தெருவின் மூலை வீட்டில் சர்வேயர் இருமினால், இரண்டாம் தெருவின் மூலை வீட்டில் தையல்கார அம்மாளுக்குத் தொண்டை கமறும். அந்த அம்மாள் விரலில் ஊசி ஏறினால் சர்வேயர் விரலில் ரத்தம் துளிர்க்கும். இரண்டு தெருக்களும் இணையாக ஓடின. பெரிய சாலை இரண்டையும் சாய்வாக வெட்டிப் போனது. அதனால் இரண்டு வீடுகளும் நின்ற மூலைகள் ஒரே கோணம், அறுபத்திரண்டு பாகை. மனைவி போன பிறகும் சர்வேயர் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் தேநீர் ஊற்றி ஒன்றை ஆறவிடுவார். தனியாக இருக்கும் தையல்கார அம்மாள் வீட்டிலும் தினம் ஒரு டம்ளர் ஆறிக் கிடப்பதைத் தபால்காரர் சொன்னபோதுதான், இங்கே நடப்பது அங்கேயும் நடக்கிறது என்பது சர்வேயருக்குப் பிடிபட்டது.

பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பினார். அவர் பெரிய சாலையில் எத்தனை அடி நடந்தாரோ, அந்த அம்மாளும் அதே திசையில் அத்தனை அடி நடந்தார். போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருக்கும். தூரத்தில் ஒரு முதுகு தெரியும். கூப்பிட்டுப் பார்த்தார். அந்த அம்மாளும் தனக்கு முன்னால் யாருமில்லாத சாலையைப் பார்த்துக் கூப்பிட்டார். மூன்று வருஷம் இப்படியே போனது.

பிறகு ஒருநாள் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். தன் சந்திப்பின் எதிர்மூலையும் அதே அறுபத்திரண்டு பாகைதான், ஆனால் முகம் மறுபக்கம். அங்கே மூடிக் கிடந்த பூட்டுக்கடையை வாடகைக்குப் பிடித்தார். மகள் போனில், "இந்த வயசுல எதுக்குப்பா வீடு மாத்துறீங்க?" என்றாள். "அந்த மூலை சரியில்லம்மா" என்றார்.

குடிபோன மறுநாள் மாலை அவர் இரண்டாம் தெருவை நோக்கி நடக்க, அந்த அம்மாள் அவரை நோக்கி நடந்து வந்தார். சரியாகப் பாதி வழியில், சலவைக்கடை வாசலில், இருவரும் நின்றார்கள்.

"நீங்கதானா?" என்றார் அம்மாள். "என் கை எனக்கு மட்டும்தான் வலிக்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

சர்வேயர் ஊசித் தழும்புள்ள விரலை நீட்டினார். அந்த அம்மாளின் விரலும் நீண்டது.

அதற்கு மேல் சேர்ந்து போக முடியவில்லை. சர்வேயர் அந்த அம்மாள் வீட்டை அடைந்தால், அம்மாள் அவர் அறையில் நின்றுகொண்டிருப்பார். இரண்டு முறை முயன்று விட்டுவிட்டார்கள். இப்போது சலவைக்கடைக்காரர் மாலையானால் வாசலில் இரண்டு நாற்காலி எடுத்துப் போடுகிறார். இருட்டும் முன் இருவரும் ஒன்றாக எழுந்து, ஆளுக்கு நூறு அடி நடந்து, அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். தெருக்காரர்களுக்கு ஒரு கதவுச் சத்தம்தான் கேட்கும்.